ராத்திரியானா ஏறுது, மேட்டுல இறங்குது: பழைய டீசல் டிரக்கோட டெம்பரேச்சர் முள்ளை நம்பலாமா?

கரிப்புகை
வணக்கம். என்கிட்ட இருக்கறது பழைய 12 வோல்ட் டீசல் டிரக். கம்ப்யூட்டர், கிம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது. டெம்பரேச்சர் முள் ரெண்டு மாசமா பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. பகல்ல ஓட்டினா பாதிக்குச் சற்றுக் கீழே ஒழுங்கா நிக்கும். ராத்திரி ஓட்டினா சிவப்புக்கு ஒரு விரக்கடை கீழே வரை ஏறிடும். இறங்கிப் பார்த்தா கொதிக்கற சத்தமும் இல்லை, நீராவியும் இல்லை. இன்னொண்ணு, நீளமான மேட்டுல லோடோட ஏறும்போது முள் திடீர்னு கீழே இறங்குது. அரை நிமிஷம் கழிச்சுத் தானா மேலே வந்துடுது.
சென்சார் மாத்தியாச்சு, தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கற தெர்மோஸ்டாட்டும் மாத்தியாச்சு. அப்பவும் அதே கூத்துதான். அடுத்து மீட்டரையே மாத்திடலாமா?

ரிவர்ஸ்கியர்
தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுங்க அண்ணே. நான் கழட்டி நாலு வருஷம் ஆச்சு, முள் பாதிக்கு மேல ஏறினதே இல்லை.

நட்டுபோல்ட்டு
ஏறாது தம்பி. இன்ஜின் சூடே ஆகலைன்னா முள் எப்படி ஏறும்? டீசல் இன்ஜின் குளிர்ந்தே ஓடினா எண்ணெய் முழுசா எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு இன்ஜின் ஆயில்ல கலக்கும், ஆயில் தண்ணியாகும், ரிங்கு தேயும். அதோட பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை. மேல் பக்கம் ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போதே கீழ்த்தட்டு பைபாஸ் ஓட்டையை அடைக்கும். அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாது. அந்த மாதிரி இன்ஜின் லோடு ஏத்தினா உண்மையாவே கொதிக்கும்.

கரிப்புகை, மீட்டரை இப்போ தொடாதீங்க. தண்ணி உண்மையில எத்தனை டிகிரி இருக்குன்னு தெரியாம ஒண்ணையும் மாத்தாதீங்க. இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒண்ணு வாங்கி, முள் மேலே நிக்கும்போது தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல சென்சாருக்குப் பக்கத்துல காட்டிப் பாருங்க. ரேடியேட்டர்ல காட்டாதீங்க, அது வேற கணக்கு.

கரிப்புகை
துப்பாக்கி ஏற்கனவே இருக்கு. நேத்து ராத்திரி பார்த்தேன். முள் சிவப்பு ஓரத்துல நிக்குது, துப்பாக்கி 54 டிகிரி காட்டுது! அப்போ இன்ஜின் குளிர்ந்துதானே கிடக்கு?

ஓம்விதி
ஹவுசிங் அலுமினியமா? பளபளன்னு இருக்கா? அப்படின்னா அந்த 54 பொய். பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியா வெளிய விடாது, சுத்தி இருக்கறதைக் கண்ணாடி மாதிரி காட்டும். துப்பாக்கி பெரும்பாலும் குறைச்சுத்தான் சொல்லும். அந்த இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு நல்லா அழுத்தி ஒட்டி, டேப் மேல காட்டுங்க. மங்கலான கறுப்புப் பெயின்ட் பொட்டு வச்சாலும் சரி.

அப்புறம் ரெண்டு கேள்வி.
ஒண்ணு: சாவியைப் போட்டதும் முள் டக்குனு போய் நிக்குதா, இல்லை சோம்பல் முறிச்ச மாதிரி மெல்ல ஏறுதா?
ரெண்டு: ராத்திரி ஓட்டும்போது டீசல் முள் என்ன பண்ணுது?

கரிப்புகை
டேப் ஒட்டிப் பார்த்தேன், 84. வெட்கமா இருக்கு, ஒரு வருஷமா அந்தத் துப்பாக்கியைக் கண்ட இடத்துல காட்டி நம்பிக்கிட்டிருந்தேன்.
சாவி போட்டா முள் மெல்லத்தான் ஏறும், பத்துப் பதினஞ்சு செகண்ட் ஆகும்.
டீசல் முள்ளா? சிரிக்காதீங்க. ராத்திரியானா டேங்க்ல டீசல் கூடற மாதிரி இருக்கும். கால் டேங்க்னு வண்டியை எடுப்பேன், லைட் போட்டதும் அரை டேங்க் கிட்ட வந்துடும். குலுங்கறதுல மிதவை ஆடுதுன்னு நினைச்சு விட்டுட்டேன்.

ஓம்விதி
யாரும் சிரிக்கல. பாதி விடை அதுலதான் இருக்கு.

மெல்ல ஏறுற முள்ளுன்னா உள்ளே இருக்கறது பைமெட்டல் பட்டை. கரண்ட் போனா பட்டை சூடாகி வளையும், முள்ளைத் தள்ளும். இந்த வகை மீட்டர் சப்ளை வோல்டேஜ் ஏறினா கூடக் காட்டும், இறங்கினா குறைச்சுக் காட்டும். பேட்டரியில 12 இருக்கும், சார்ஜ் ஆகும்போது 14 இருக்கும். அதை அப்படியே கொடுத்தா ஆக்சிலேட்டரை மிதிக்கறப்ப எல்லாம் முள் ஆடும். அதுக்காகத்தான் டேஷ்போர்டுக்குப் பின்னாடி தீப்பெட்டி அளவுல ஒரு ஸ்டெபிலைசர் வச்சிருப்பாங்க. அது சராசரியா 10 வோல்ட் அனுப்பும். டெம்பரேச்சர், டீசல் ரெண்டு மீட்டருக்கும் அது ஒண்ணுதான் சோறு போடுது. ரெண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கறதைத்தான் முதல்ல பிடிக்கணும்.

அந்த டப்பாவுக்கு நல்ல எர்த், அதாவது வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பற வழி, வேணும். எர்த் சரியில்லைன்னா தன் பத்து வோல்ட்டை எங்கிருந்து அளக்கறதுன்னு அதுக்குத் தெரியாது. எர்த் சுத்தமா அறுந்தா பேட்டரி வோல்டேஜ் முழுசும் மீட்டருக்குப் போயிடும். லைட் போட்டா ஏறுதுன்னா, டேஷ் விளக்கும் ஸ்டெபிலைசரும் ஒரே எர்த்தைப் பங்கு போடுது, அந்த எர்த் பூத்துப்போயிருக்குன்னு அர்த்தம்.

சோதனை சுலபம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு டேஷ் கிளஸ்டரோட (மீட்டரெல்லாம் இருக்கற பெட்டி) எர்த்ல. இன்ஜின் ஓடட்டும். முதல்ல லைட் இல்லாம, அப்புறம் லைட் போட்டு. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்ல எர்த்.

நட்டுபோல்ட்டு
நல்ல கேள்வி கேட்டீங்க சார். எனக்கு டீசல் முள் ஞாபகமே வரலை.

ஒரு சந்தேகம். சென்சார் மாத்தும்போது மரையில டெஃப்லான் டேப் சுத்தினீங்களா? ஒத்தை வயர் சென்சாருக்கு மரைதான் எர்த். ஒரு தடவை என் வண்டியில யாரோ பேண்டேஜ் கட்டின மாதிரி சுத்தி வச்சிருந்தாங்க. முள் எப்பவும் குளிர் பக்கமே கிடந்தது. நான் மீட்டரைக் கழட்டி, வயரெல்லாம் புடுங்கிப் போட்டு, கடைசியில சென்சாரை வெளிய எடுத்தப்பதான் பார்த்தேன்.

கரிப்புகை
சுத்தியிருக்கேன், ஆனா ரெண்டே சுத்துதான். சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் ஓம் பார்த்தேன், 0.3. மரை டேப்பைக் கிழிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுச்சு போல.

ஓம்விதி
அப்போ அது நிரபராதி. கிளஸ்டர் எர்த்துக்குப் போங்க.

கரிப்புகை
லைட் இல்லாம 0.2. லைட் போட்டா 1.4 வோல்ட்!!

ஓம்விதி
டேஷ் விளக்கு அஞ்சாறு பல்பும் சேர்ந்து சுமார் ஒரு ஆம்பியர்தான் குடிக்கும். அதுக்கே இவ்வளவு வோல்ட் விழுதுன்னா, அந்த எர்த் வயர்ல ஒரு ஓமுக்கு மேல தடை உட்கார்ந்திருக்கு. டேஷுக்குப் பின்னாடி கறுப்போ பழுப்போ ஒரு வயர் எங்கேயாவது போல்ட்ல முடியும். தேடுங்க.

கரிப்புகை
கிடைச்சுது. ஸ்டியரிங் தண்டுக்கு மேல ஒரு தகடு, அதுல ஒரு போல்ட், அடியில நாலு வயர் ஒரே லக்ல (வயர் முனையில இருக்கற உலோக வளையம்). யாரோ எப்பவோ கேபினுக்குப் பெயின்ட் அடிச்சப்ப போல்ட்டோட சேர்த்து அடிச்சிருக்காங்க. லக்கைத் தூக்கினா அடியில பச்சையா மாவு மாதிரி உதிருது. உப்புத்தாள் போட்டுத் தகடைப் பளபளன்னு தேய்ச்சேன். புது லக், நட்சத்திர வாஷர், மேலே கொஞ்சம் வாசலின். அதோட தனியா ஒரு வயர் இழுத்து நேரா பேட்டரி நெகட்டிவ் போற இடத்துல கட்டிட்டேன். இப்போ லைட் போட்டா 0.03.
ராத்திரி 60 கிலோமீட்டர் ஓட்டினேன். முள் பகல்ல நிக்கற இடத்துலயே நிக்குது. டீசலும் கூடலை, அதுதான் கொஞ்சம் வருத்தம். எல்லாருக்கும் நன்றி, கேஸ் முடிஞ்சுது.

நட்டுபோல்ட்டு
எங்கே முடிஞ்சுது? மேட்டுல இறங்குறது?

கரிப்புகை
அதுவும் எர்த்தாலதான் இருக்கும்னு நினைச்சேன். இன்னும் மேட்டுல ஓட்டிப் பார்க்கலை. ஏறுறதுதானே ஆபத்து, இறங்கினா என்ன போச்சு?

நட்டுபோல்ட்டு
தம்பி, எனக்கு முதல் பதிவுல இருந்தே அதுதான் உறுத்திக்கிட்டிருக்கு. லோடோட மேடு ஏறும்போதுதான் இன்ஜின் அதிகமா சூடாகும். அந்த நேரத்துல முள் இறங்குதுன்னா என்ன அர்த்தம்? இறக்கத்துல இறங்கினா சரி, டீசல் வண்டி ஆக்சிலேட்டரை விட்டா சூடே பண்ணாது, ஐடில்ல நின்னாலும் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு. மேட்டுல இறங்குறது இயல்பே இல்லை.

சென்சார் தண்ணிக்குள்ள முங்கியிருந்தாத்தான் தண்ணியோட சூடு அதுக்குத் தெரியும். தண்ணி குறைஞ்சு, அது நிக்கற இடத்துல காத்து வந்துட்டா வெறும் காத்தைத்தான் அளக்கும். உங்க சென்சார் எங்கே இருக்கு? இன்ஜினோட முன்பக்கம், தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல. மேடு ஏறும்போது வண்டியோட மூக்கு மேலே தூக்கும். அப்போ இன்ஜின்லயே உயரமான இடம் அதுதான். காத்து அங்கேதான் போய் உட்காரும்.

ஓம்விதி
அண்ணன் சொல்றது நடக்கலாம். ஆனா வயரா இருக்கவும் வாய்ப்பு உண்டு. லோடு இழுக்கும்போது இன்ஜின் மவுன்ட்ல முறுக்கிக்கிட்டு ஒரு பக்கம் சாயும். சென்சார் வயர் அந்தப் பக்கம் இழுபட்டுத் தொடர்பு விட்டா முள் குளிர் பக்கம் இறங்கும். பைமெட்டல் மீட்டர்ங்கறதால இறங்குறதும் மெல்லத்தான் இறங்கும், பார்க்கத் தண்ணி குளிர்ந்த மாதிரியே இருக்கும். முள்ளை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு வழி இருக்கு. சென்சார்ல இருக்கற வயரைக் கழட்டிட்டு, அதுக்குப் பதிலா ஒரு நீளமான வயரைச் சென்சார் முனையில நல்லா மாட்டி கேபினுக்குள்ள கொண்டு வாங்க. இன்னொரு வயர் சென்சார் பக்கத்துல இன்ஜின் பிளாக்ல இருந்து. ரெண்டையும் மல்டிமீட்டர்ல ஓம்ல வச்சு, பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க. டேஷ் மீட்டர் வேலை செய்யாது, அதனால கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுங்க. இந்தச் சென்சார் சூடாக ஆகத் தடை குறையும், குளிர்ந்தா கூடும். இதுலயும் மேட்டுல எண் கூடினா பழைய வயர் மேல தப்பில்லை. கூடாம இருந்தா வயர்தான் குற்றவாளி.

அதுக்கு முன்னாடி அந்தச் சென்சாரைக் கழட்டி வெந்நீர்ல போட்டு, பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சு எண்களை எழுதி வச்சுக்கோங்க. இல்லைன்னா ஓமைப் பார்த்து டிகிரி சொல்ல முடியாது. இன்ஜின் ஆறின பிறகுதான் கழட்டணும்.

ரிவர்ஸ்கியர்
இவ்வளவு எதுக்கு? வயரைக் கழட்டி பாடியில தொட்டா முள் ஏறுதான்னு பார்த்தா போதாதா?

ஓம்விதி
அது மீட்டரும் வயரும் உயிரோட இருக்கான்னு மட்டும் சொல்லும். மீட்டர் சரியா காட்டுதான்னு சொல்லாது. தொடறதுன்னாலும் முள் ஏற ஆரம்பிச்சதும் எடுத்துடணும். பைமெட்டல் மீட்டரை முழு எர்த்ல பிடிச்சுக்கிட்டே நின்னா உள்ளே சுத்தியிருக்கற கம்பி கருகிடும்.

கரிப்புகை
வெந்நீர்க் கணக்கு:
40 டிகிரியில 290 ஓம்
60ல 135
80ல 70
கொதிக்கும்போது 38

இன்னைக்கு மேட்டுக்குப் போனோம். தம்பி மீட்டரைப் படிச்சுக்கிட்டே வந்தான். சமதளத்துல 66, 65, 66. மேடு ஆரம்பிச்சு ஒரு நிமிஷத்துல 62. சரி, சூடாகுது. அப்புறம் 70ன்னான். 78. 90. 104ன்னு சொன்னப்ப எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஓரமா நிறுத்திட்டேன். சமமான இடத்துல நின்னதும் மறுபடி குறைய ஆரம்பிச்சது. 60க்கும் கீழே போய், 57ல நின்னுது.

அதாவது மேட்டுல சென்சாருக்கு 70 டிகிரி மாதிரி தெரிஞ்சிருக்கு. தண்ணி அது மேல பட்டதும் 85க்கு மேல. ஓம் கணக்கு பொய் சொல்லலையே?

ஓம்விதி
பொய் சொல்லல. வயர் விட்டிருந்தா எண் இப்படிப் படிப்படியா ஏறியிருக்காது, ஒரே அடியா எல்லையில்லைன்னு காட்டியிருக்கும். அதுவும் இது புது வயர். நான் பின்வாங்கறேன், நட்டுபோல்ட்டு அண்ணனுக்கே வெற்றி.

நட்டுபோல்ட்டு
வெற்றி இருக்கட்டும். தம்பி, தண்ணி எவ்வளவு ஊத்தறீங்க?

கரிப்புகை
பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் பாட்டில்ல எப்பவும் கோடு வரைக்கும் இருக்கு அண்ணே, தினமும் பார்க்கறேன். ஊத்த வேண்டிய தேவையே வரலை.

நட்டுபோல்ட்டு
பாட்டிலைப் பார்க்காதீங்க. காலையில இன்ஜின் சில்லுன்னு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்க. சூடா இருக்கும்போது கை வைக்காதீங்க, முகம் வெந்துடும்.

மூடியில ரெண்டு வால்வு இருக்கு. பெரியது அழுத்தம் கூடினா திறந்து தண்ணியைப் பாட்டிலுக்கு அனுப்பும். நடுவுல பொட்டு மாதிரி இருக்கற சின்னது, இன்ஜின் ஆறும்போது பாட்டில்ல இருந்து தண்ணியைத் திரும்ப உறிஞ்ச விடும். அந்தச் சின்னது ஒட்டிக்கிட்டாலோ மூடி ரப்பர் வெடிச்சிருந்தாலோ தண்ணி திரும்ப வராது. பாட்டில் நிறைஞ்சே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கிட்டே இருக்கும். காலையில மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிப் போயிருந்தாலும் அந்த வால்வைத்தான் சந்தேகப்படணும்.

கரிப்புகை
விரலை முழுசா விட்டேன், தண்ணி தட்டுப்படலை. ரெண்டரை லிட்டர் குடிச்சுது. ரெண்டரை!
மூடி ரப்பர் பிஸ்கட் மாதிரி வெடிச்சிருக்கு. இந்த மூடியோடதான் ரெண்டு மாசமா லோடு இழுத்திருக்கேன்.

ஓம்விதி
அது வேற ஒரு கணக்கு. சாதாரணத் தண்ணி வெறும் காத்துல 100 டிகிரியில கொதிக்கும். 1 பார் அழுத்தம் பிடிக்கற மூடி நல்லா இருந்தா சுமார் 120 வரைக்கும் கொதிக்காது. மூடி பிடிக்கலைன்னா அந்த இருபது டிகிரி பாதுகாப்பு போச்சு.

நட்டுபோல்ட்டு
மூடியால மட்டும் ரெண்டரை லிட்டர் போயிருக்காதுன்னு தோணுது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) சந்தேகத்தை முதல்ல தீர்த்துக்கலாம். காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸைக் கையால அமுக்குங்க. தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே கல்லு மாதிரி இறுகினா சிலிண்டர்ல எரிஞ்ச வாயு தண்ணிக்குள்ள வருது. மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி குமிழி ஓயாம வருதான்னும் பாருங்க. முதல்ல நாலஞ்சு வந்து நின்னா அது உள்ளே தங்கின காத்து, பயமில்லை.
அப்புறம் ரேடியேட்டர்ல அழுத்தம் ஏத்தி ஒழுகலைப் பார்க்க, யார்கிட்டயாவது அழுத்தப் பம்பு கடன் வாங்குங்க.

கரிப்புகை
ஹோஸ் மெத்துன்னுதான் இருக்கு. குமிழியும் தொடர்ச்சியா இல்லை. பம்பு வச்சு 1 பார் ஏத்தினேன், பத்து நிமிஷத்துல 0.6. கீழே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, வாட்டர் பம்ப் தண்டுக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டையில இருந்து சொட்டு. அந்த ஓட்டையைச் சுத்தி வெள்ளையும் பச்சையுமா உப்பு படிஞ்சு காய்ஞ்சிருக்கு. ஓடும்போது ஃபேன் காத்துலயே காய்ஞ்சிடுது போல. தரையில ஒரு நாளும் ஈரம் பார்த்ததில்லை.

நட்டுபோல்ட்டு
அந்த ஓட்டை வச்சிருக்கறதே இதுக்குத்தான். உள்ளே சீல் போனா தண்ணி பேரிங் பக்கம் போகாம வெளிய சொட்டட்டும்னு. சிலபேர் அதை எம்சீல் போட்டு அடைப்பாங்க, அதைப் பண்ணிடாதீங்க.

வாட்டர் பம்ப் மாத்தி, தண்ணி நிரப்பும்போது முன் சக்கரத்தைக் கொஞ்சம் மேட்டுல ஏத்தி நிறுத்துங்க. ஹீட்டர் இருந்தா முழுசாத் திறந்து வைங்க. மெல்ல ஊத்துங்க, மூடி இல்லாம ஐடில்ல ஓட விடுங்க. தெர்மோஸ்டாட் திறக்கறப்ப மட்டம் குபுக்குன்னு இறங்கும், அப்போ நிரப்புங்க. மேல் ஹோஸை ரெண்டு மூணு தடவை பிசைஞ்சு விடுங்க.

கரிப்புகை
வாட்டர் பம்ப், மூடி ரெண்டும் புதுசு. ஒரு வாரம் ஆச்சு. காலையில ரேடியேட்டர்ல மட்டம் இறங்கலை. அதே மேடு, அதே லோடு. முள் பாதியைத் தாண்டி ஒரு நூல் ஏறிச்சு, உச்சிக்குப் போனதும் இறங்கி வந்துடுச்சு. இறங்கி டேப் மேல துப்பாக்கி காட்டினேன், 91.
மீட்டர் கண்ணாடியில வெள்ளைப் பெயின்ட்ல மூணு பொட்டு வச்சிருக்கேன். சென்சாருக்குப் பதிலா அதோட வயர்ல 100 ஓம், 70, 45ன்னு ரெசிஸ்டர் மாட்டி முள் எங்கே நிக்குதுன்னு குறிச்சேன். ஏறக்குறைய 70, 80, 95 டிகிரி. முள் இப்போ சொல்றது எனக்குப் புரியுது.

ரிவர்ஸ்கியர்
சரி, நானும் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடறேன். 82 டிகிரி போட்டாப் போதுமா?

நட்டுபோல்ட்டு
உங்க இன்ஜினோட பழைய தெர்மோஸ்டாட் இருந்தா அதுலயே எண் அடிச்சிருக்கும், அதையே போடுங்க. ஆயிலையும் மாத்திடுங்க.

அரைக்ளட்ச்
இழையைப் படிச்சுட்டு என் வண்டி ஞாபகம் வந்துடுச்சு. புது சென்சார் போட்டதுல இருந்து முள் கால் பங்குக்கு மேல ஏறவே மாட்டேங்குது. எர்த் எல்லாம் பார்த்தாச்சு, தண்ணியும் நிறைஞ்சிருக்கு, டேப் மேல துப்பாக்கி 83. மரை சரியா சேர்ந்துது, அதனால சென்சார் சரிதானே?

ஓம்விதி
மரை சேர்றது ஒண்ணு, ஓம் சேர்றது ஒண்ணு. ஒரே மரையில வேற வேற தடை உள்ள சென்சார் நிறைய இருக்கு. பழசைத் தூக்கிப் போடலையே? ரெண்டையும் ஒரே பாத்திரத்துல வெந்நீர்ல விட்டு 40, 60, 80ல எண் எழுதுங்க.

அரைக்ளட்ச்
தூக்கித்தான் போட்டேன். பழைய இரும்புச் சாக்கு இன்னும் மூலையிலதான் கிடக்கு, தேடிட்டு வர்றேன்.